கையில் ஊற்றிய தண்ணீர்

"1933, மாசி. பாவு அறுந்தது. தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த விதம் சரியில்லை."

எங்கள் வீட்டு வேதாகமத்தின் முன் ஏட்டில், பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் இவற்றைக் குறித்து வைக்கும் பக்கத்தில், அண்ணன் தம் கையால் எழுதிய குறிப்பு இது. தேதி போடவில்லை. மறுநாள் ஆராதனைக்குப் போனோம் என்பதால் அது ஒரு சனிக்கிழமை என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வெளியிடும் நினைவு மலருக்கு அவருடைய நற்குணங்களை எழுதித் தருமாறு உறவினர் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் குடும்பத்தின் பிறப்பு இறப்புகளுக்கு நடுவே அவரே பதிந்து வைத்ததை விட்டுவிட்டு எழுத, தங்கையாகிய எனக்கு உரிமையில்லை.

அண்ணன் 1896ஆம் ஆண்டு வெண்ணந்தூரில், நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் காலமானபோது அண்ணனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. அன்று தறியில் உட்கார்ந்தவர் எங்கள் தாயாரைக் கடைசி வரை காப்பாற்றினார். என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குப்பா படிப்பு?" என்று தெருவில் கேட்டால், "நான் தப்பாப் படிச்சாத் திருத்தறதுக்கு ஊட்டுல ஒரு ஆளு வேணுமுங்க" என்பார். இன்று நான் ஆசிரியையாக இருப்பது அதனால்தான்.

அண்ணன் கிறிஸ்தவரானது புத்தகம் படித்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அண்ணனும் வெகுகாலம் அப்படியே சொல்லி வந்தார். உண்மை வேறு. எங்கள் ஊருக்குத் தெற்கே சேரியில் ஏசாயா என்றொருவர் இருந்தார். பண்ணையில் கூலியாள், அண்ணனைவிட மூத்தவர். கிறிஸ்தவரான பிறகு கோயில் திருவிழாவுக்குப் பறையடிக்க முடியாது என்று சொன்னதற்காக அவரைப் புளிய மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அண்ணனும் இருந்தார். அடிபட்டவர் முகத்தில் பயத்தைத் தேடியதாகவும், அது கிடைக்கவில்லை என்றும் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு இருவரும் ஏரிக்கரையில் சந்திக்கத் தொடங்கினார்கள். அண்ணன் சுவிசேஷம் வாசிப்பார், ஏசாயா கேட்பார். பிறகு இருவரும் ஜெபிப்பார்கள். வாசிப்பு அண்ணனுடையது, தைரியம் அவருடையது. ஒருவருக்கு இல்லாததை மற்றவர் கொடுத்தார். அப்படி இருந்தும் அண்ணன் அவரை "வாடா, போடா" என்றே பேசினார். அவர் அண்ணனைச் "சாமி" என்றார். இது தவறென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

1932இல் அண்ணனும் அண்ணியும் நானும் ஞானஸ்நானம் பெற்றோம். அடுத்த வாரமே கோயில் மைதானத்தில் கூட்டம் கூடியது. கேள்வி கேட்ட பெரியதனக்காரர், அதாவது ஊர்த் தலைவர், எங்களுக்கு மாமன் முறை.

"சாமியை மாத்திக்கிட்ட, அது உன் தலையெழுத்து. அந்தச் சேரிக்காரன் கூடக் கூடிக்கிட்டுத் திரியறயாமே, அதுக்கு என்ன சொல்ற?"

"என்னை ஊரை உட்டு வெலக்குனாலும் நான் ஏசுசாமியை உட மாட்டேனுங்க மாமா" என்றார் அண்ணன். பிறகு, "ஆனா அவனுக்கும் எனக்கும் ஒரு பழக்கமும் இல்லீங்க" என்றார்.

முதல் வாக்கியத்தை எங்கள் சபையார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. அன்று வீட்டுக்கு வந்த அண்ணன் சாப்பிடவில்லை.

எப்படியும் விலக்கத்தான் செய்தார்கள். நாவிதர் வரவில்லை, வண்ணார் வரவில்லை. அண்ணி நூல் வெட்டும் கத்தரியால் அண்ணனுக்கு முடி வெட்டிவிட்டு, "ஆடு மேஞ்ச காடாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். பாவடிக்குள் வரக் கூடாது என்றதைத்தான் தாங்க முடியவில்லை. தறியில் ஏற்றும் முன் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி ஆற்ற வேண்டும். அதற்கான பொது இடம் பாவடி. ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கத்தார் வந்து பிடிப்பதும், அவர்கள் பாவுக்கு நாம் போய்ப் பிடிப்பதும் வழக்கம். வெயில் ஏறுமுன் முடிக்காவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு நூல் பாழ். எத்தனை திறமை இருந்தாலும் பிடிக்க ஆளில்லாதவன் நெய்ய முடியாது.

அந்த மாசிச் சனிக்கிழமை விடிகாலையில், வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் நாங்கள் மூன்று பேரே பாவைக் கட்டினோம். கஞ்சி தடவி முடிப்பதற்குள் ஒரு பக்கம் தொய்ந்தது. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் தொய்ந்தது. அப்போது சந்தின் முனையில் ஏசாயாவும் அவர் மனைவி மார்த்தாளும், அவர்களோடு இன்னும் சிலரும் வந்து நின்றார்கள். அந்தத் தெருவில் அவர்கள் அதுவரை கால் வைத்ததில்லை.

அண்ணன் கையை ஆட்டித் தடுத்தார். "நீ எதுக்குடா வந்த? எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிரு. ஊர்க்காரங்க பாத்தா உங்களைத்தான் அடிப்பாங்க."

மார்த்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அடி எங்களுக்குப் பழசுதானுங்க சாமி. பாவுதான் புதுசு. எப்படிப் புடிக்கோணும்னு சொல்லுங்க" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் கயிற்றின் ஒரு முனையை ஏசாயாவின் கையில் கொடுத்தார்.

அவர்களுக்குப் பழக்கமில்லாததால் பல இழைகள் அறுந்தன. "சாமி, இது தலைமயிராட்டப் பிச்சுக்கிட்டுப் போகுது" என்று மார்த்தாள் சொல்ல, அண்ணியும் நானும் வாய்விட்டுச் சிரித்தோம். நாங்கள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதற்குள் தெரு கூடிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருவர் அரிவாளோடு வந்து கயிற்றை வெட்டினார். யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகளும் இம்மலரைப் பெறுகிறார்கள், ஆகவே எழுதவில்லை. ஈரப் பாவு முழுவதும் புழுதியில் விழுந்தது. தடுக்கப் போன ஏசாயாவின் தோளில் கல் ஒன்று பட்டது.

பெரியதனக்காரர் முன்னால் வந்து கேட்டார்: "பழக்கமே இல்லைன்னியே, இவங்கெல்லாம் யாருடா உனக்கு?"

"எங்க அண்ணந்தம்பிங்க" என்றார் அண்ணன்.

இங்கே நிறுத்திவிட்டால் இது நல்ல கட்டுரையாக இருக்கும். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு அவர்களை முற்றத்துக்கு அழைத்தோம். எல்லோருக்கும் தாகம். அண்ணன் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். ஏசாயா பழக்கப்படி குனிந்து இரு கைகளையும் குவித்தார். அண்ணனும் பழக்கப்படி, செம்பு படாத உயரத்திலிருந்து ஊற்றினார். நானும் அண்ணியும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

மார்த்தாள் கேட்டார்: "ஏனுங்க, உங்க ஊட்டுல அண்ணந்தம்பிக்குக் கையிலதான் ஊத்துவீங்களா?"

அண்ணன் ஊற்றுவதை நிறுத்தினார். ஏசாயாவின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு செம்பை அவர் கையில் வைத்தார். "குடிங்க" என்றார். அவரை அண்ணன் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் குடித்துக் கொடுத்த செம்பில் அண்ணன் குடித்தார். பிறகு நாங்களும் குடித்தோம்.

மறுநாள் ஆராதனையில் எங்களுக்கென்று விரித்திருந்த பாயை விட்டு, சேரியார் பாயில் ஏசாயாவின் பக்கத்தில் போய் அண்ணன் உட்கார்ந்தார். எங்கள் சபையிலும் இரண்டு பாய் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பண்ணையார் ஏசாயாவை வேலையை விட்டு நிறுத்தினார். அந்தப் பங்குனியிலேயே ஏசாயா குடும்பத்தோடு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். கூட்டத்தில் தாம் மறுத்துப் பேசியதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அண்ணன் நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். 1938இல் மலையேறிப் போனபோது ஏசாயா காய்ச்சலில் இறந்து போயிருந்தார். மார்த்தாளிடம் சொன்னார். அவர், "அதெல்லாம் இப்ப எதுக்குங்க தம்பி, காப்பி ஆறுது, குடிங்க" என்றாராம். 'தம்பி' என்று கூப்பிட்டதை அண்ணன் ஊர் திரும்பியதும் முதலில் சொன்னார்.

1946இல் அண்ணன் நோயில் கிடந்தபோது இரவும் பகலும் துணையிருந்த அண்ணிக்கும், சபையாருக்கும், வைத்தியருக்கும், பல ஆண்டுகளுக்குப் பின் எங்கள் வாசலுக்கு வந்து அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்ட நாவிதருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மார்த்தாளுக்கு நன்றி சொல்ல எங்களுக்குத் தகுதி போதாது, ஆயினும் சொல்கிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. கூட்டம் நடந்த அன்று மைதானத்துக்கு அப்பால், புளிய மரத்தடியில், மாடுகளோடு ஏசாயா நின்று எல்லாவற்றையும் கேட்டார் என்று ஒரு பெரியவர் சொல்கிறார். அன்று பண்ணை மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர் வாழப்பாடிச் சந்தைக்குப் போயிருந்தார் என்கிறார் மற்றொருவர். அண்ணன் தம்மை மறுத்ததைத் தெரிந்துகொண்டே ஏசாயா பாவு பிடிக்க வந்தாரா, தெரியாமல் வந்தாரா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.