வாசலில் செருகிய வேப்பிலை

வாசகசாலை நண்பர்களே, இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர், அடுத்துக் குடிவர வீடு பார்க்கும் ஒருவரை நேற்று கட்டில்வரை கூட்டி வந்து வீட்டைக் காட்டினார். அவள் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அவங்க எழும்பினதும் வாங்களேன்" என்றேன்.

"வாத்தியாரய்யா, வீடு என்னோடது தானே? நாளைக்கும் ஆள் வருது."

வாடகை கொடுப்பவனுக்குக் கதவைச் சாத்த உரிமை உண்டு என்று படித்திருக்கிறேன். வாயில்தான் வரவில்லை.

ஆகவே இன்று விடிந்ததும் கோயில் மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்து நிலையில் செருகினேன்.

ஆளோடு வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். "ஆத்தா வந்திருக்காளா? முன்னமே சொல்லக் கூடாதா!" என்று திட்டிக்கொண்டே திரும்பினார். அவ்வளவு சுலபமாகப் போவார் என்று நான் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பால்காரி வந்தாள். அவளும் இலையைப் பார்த்தாள்.

"ஐயா, எங்க வீட்டுல கைப்புள்ள இருக்குங்க. அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் வாறேன்."

"அம்மை இல்லம்மா, சும்மா செருகினேன்."

"ஆத்தா பேருல யாராவது பொய் சொல்வாங்களா?" கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

என் மனைவிக்குத் தொண்டையில் இறங்குவது பால் ஒன்றுதான். மாலையாகிறது, இன்னும் கண் திறக்கவில்லை. இந்த நிலையில் அவளைத் தனியே விட்டு நான் கடைக்கும் போக முடியாது.

இலையை எடுத்தால் நாளை வீடு பார்க்க வருவார்கள். எடுக்காவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்று யாராவது வந்து சொல்லுங்கள். வரும்போது கொஞ்சம் பால் கொண்டு வாருங்கள். அம்மை இல்லை என்கிற என் சொல்லை நீங்களாவது நம்பினால்.