காற்று பார்த்து இறக்கிய கொப்பரை

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பெரிய இரும்புக் கொப்பரை நிறையத் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்க விட்டிருந்தார்கள். வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன் என்று சொன்னால் பொய். சாப்பிட்டேன், வெல்லப் பாயசத்தை மட்டும் தொடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு முதல் வேலை, கிராம நர்ஸ். பெருநகர் என்கிற ஊருக்கு எதிர்க்கரையில், செய்யாற்றை ஒட்டி ஒரு ஊர். அப்போது பாலம் கிடையாது. மற்ற மாதங்களில் மணலில் நடந்தே போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் ஆஸ்பத்திரி, பஸ், கடை எல்லாம் அந்தக் கரையோடு நின்றுவிடும். ஊரில் கரும்பாலை வைத்திருந்தவர் தன் கொப்பரையை ஆற்றில் இறக்குவார். அதுதான் எங்கள் படகு. நாம் உள்ளே குந்திக்கொள்ள, காலனி ஆட்கள் நாலு பேர் விளிம்பைப் பிடித்து நீந்தியபடியே தள்ளுவார்கள். முதல் தடவை நான் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காற்று குடையைப் பிடித்துக்கொள்ள, கொப்பரை பம்பரமாகச் சுற்றியது. "நர்சம்மா, கொடய மடக்கும்மா! மெட்ராஸ் வரைக்கும் இஸ்துக்கினு பூடும்" என்று சிரித்தார் எல்லப்பன். நாலு பேரில் அவர்தான் நீச்சலில் கெட்டி.

இறக்கலாமா வேண்டாமா என்று சொல்கிற அதிகாரம் ஆலைக்காரர் ஒருவருக்கே. கரைக்கு வந்து தோள்துண்டை உயர்த்திப் பிடிப்பார். அது பறக்கிற தினுசைப் பார்த்துத் தீர்ப்பு. அந்த நிதானத்தை நான் மெச்சினேன். படித்தவள் அல்லவா, விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கார்த்திகைக் காலை, எல்லப்பனின் மனைவி கன்னியம்மாவுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. என்னால் ஆகிற காரியம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். கட்டிலோடு தூக்கி வந்து கரையில் வைத்தோம். ஆலைக்காரர் துண்டைப் பிடித்தார். படபடவென்று அடித்தது.

"காத்து சொழட்டிக்கினு கீது. கவுந்தா யாரு பதில் சொல்றது? அடங்கட்டும்" என்றார்.

எல்லப்பன் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்றம்மா? நாங்க பாக்காத காத்தா? வாழ மரத்த வெட்டித் தெப்பமாக் கட்டி நாங்களே தள்ளிக்கினு போறோம்."

"அவர் சொல்றதக் கேளுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

மதியம் காற்று இன்னும் மோசம். ஆலைக்காரரின் மருமகன் பெட்டியோடு வந்து நின்றார். மறுநாள் அவருக்கு ஆபீஸ். இந்தத் தடவை துண்டு தோளை விட்டு இறங்கவே இல்லை. கொப்பரை இறங்கியது. "மாப்ளய வுட்டுட்டு வா, அப்பால பாக்கலாம்" என்றார் ஆலைக்காரர். திரும்பி வந்து மனைவியை ஏற்றலாம் என்று நம்பி எல்லப்பனும் தள்ளிக்கொண்டு போனார். மருமகன் வேட்டி நனையாமல் அக்கரை சேர்ந்தார். கொப்பரை திரும்பியதும், கரையேற்றிக் கவிழ்க்கச் சொன்னார் ஆலைக்காரர்.

"சாமி, எம் பொண்டாட்டி..."

"பாகு காய்ச்சறதுடா அது. புள்ள பெக்கற பொம்பளய, அதுவும் உங்க ஆளுங்கள, அதுல குந்த வெக்க சொல்றியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாலு பேரில் ஒருவர்கூட ஒரு நாளும் கொப்பரைக்குள் கால் வைத்ததில்லை. வெறுங்கொப்பரை திரும்பும்போதும் நீந்தித்தான் வந்தார்கள். பாரம் தாங்காது என்று நினைத்திருந்தேன், மடச்சி.

வாழை மரங்களை வெட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள், என் கையைப் பிடித்தபடியே கன்னியம்மா போய்விட்டாள். குழந்தையும் பிழைக்கவில்லை. ஆலைக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்த முதுகைப் பார்த்து வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. என் மேல் வந்த ஆத்திரமும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது பாலம் வந்துவிட்டது. மணலை அள்ளிக்கொண்டு போன ஆற்றில் முள் மண்டிக் கிடக்கிறது. கரும்புக் கொல்லையை மனை போட்டு விற்றுவிட்டார்கள். அந்தக் கார்த்திகையோடு செங்கல் சூளைக்குப் போன எல்லப்பன் திரும்பவில்லை. நான் எழுதி வைத்த பிரசவ ரிஜிஸ்டரைக் கறையான் தின்றுவிட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "அந்தப் பெரியவரு காத்து பாத்துதான் கொப்பரைய எறக்குவாரு. அவரு காலத்துல ஆத்துல ஒரு உசுரு போனதில்ல."

உண்மைதான். கன்னியம்மா கரையில்தான் செத்தாள்.