பொருத்தனைப் பிள்ளை

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த நானும் ஒரு வயது முடிவதற்குள் காய்ச்சல் கண்டு, பால் குடிக்கக்கூட வாய் திறக்காமல் கிடந்திருக்கிறேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் சபைக் கோயிலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்ன நேரம் பார்த்து, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று சொன்னாளாம்: "சாமி, இந்த ஒண்ணையாவது எனக்கு விட்டு வையும். இவன் பிழைச்சா உம்ம ஊழியத்துக்கே விட்டுருதேன். ஐயராக்கிருதேன்."

நான் பிழைத்துவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மா வீட்டு மூலையில் மண்டியிட்டு மெதுவாகச் சொல்லியிருந்தால் அது ஆண்டவருக்கும் அவளுக்கும் உள்ள விவகாரமாகப் போயிருக்கும். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சபையே கேட்டுவிட்டது. அன்றைக்கே நான் பொருத்தனைப் பிள்ளை, அதாவது ஆண்டவருக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை, ஆகிவிட்டேன். தெருவில் கோலிக்குண்டு ஆடினால், போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "ஏலே, ஐயராகப் போறவன் இப்படி மண்ணுல உருளலாமா?" என்பார்கள். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது. மரத்தில் ஏறக்கூடாது. கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும் எனக்கு ஒரு பணியாரம் கூடுதலாக வைப்பார்கள். பொருத்தனையில் எனக்குப் பிடித்திருந்தது அந்தப் பணியாரம்தான்.

அப்பா கோர்ட்டில் டவாலி. ஜட்ஜுக்கு முன்னால் ஆள் பெயரைக் கூப்பிடுகிற வேலை. நாளெல்லாம் கூப்பிட்டுக் களைத்துப்போவாரோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா பேசுவாள். இரண்டு எருமைகள் வைத்திருந்தாள். விடிந்ததும் தெருத்தெருவாகப் பால் ஊற்றப் போவாள். ஒரு வீட்டில் பாலை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். அவள் வருவதற்குள் கடைசி வீட்டுக்காரர்கள் காப்பி ஆசையையே விட்டுவிடுவார்கள். ஆனாலும் வேறு ஆளிடம் பால் வாங்க மாட்டார்கள்.

அந்தப் பேச்சில் ஒரு சொட்டாவது எனக்கு வந்திருக்கலாம். வரவில்லை. மீசை அரும்பின வயதில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பன்றி மேய்த்து, கடைசியில் அப்பாவிடமே திரும்பி வந்த மகனின் கதையை எடுத்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்ட கதை. அவனைப் பன்றித் தொழுவம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை கண்களும் என்னையே பார்த்தன. கடைசியில் "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மகன் பன்றிகளோடேயே நின்றுவிட்டான். அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள், "அவன் வீட்டுக்கு வந்துட்டானா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வேதசாஸ்திரப் பள்ளிக்கு ஆள் எடுக்கிற காலம் வந்தபோது அம்மா என்னை ஐயர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஐயர் நல்ல மனுஷர். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "தம்பி, ஆண்டவர் உன்னைக் கூப்பிட்டாரா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்து, "தெரியலையே ஐயா" என்றேன். "தெரியாதுன்னு சொல்ற வரைக்கும் நான் அனுப்பக்கூடாது. அது உனக்கும் நல்லதில்லை, உன்கிட்டே மாட்டப்போற சபைக்கும் நல்லதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது. அவளுக்குக் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தாள்.

அவள் கணக்கு நேரானது. ஆண்டவர் சொன்னபடி பிள்ளையைக் கொடுத்துவிட்டார். அவள் சொன்னபடி திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படியானால் அவர் ஒருநாள் வந்து எடுத்துக்கொள்வார். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரெல்லாம் பேசுகிறவள் இந்த ஒன்றை மட்டும் உள்ளேயே வைத்திருந்தாள். நான் இருமினால் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பாள். எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்த வேலை அவள் பயத்துக்குத் தோதாக அமைந்தது. பஸ்ஸில் கிளீனராக ஏறி, சில வருஷத்தில் டிரைவர் ஆனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்த் திரும்பும் பஸ். எனக்கு அந்த வேலை அப்படிப் பிடித்திருந்தது. மேற்கே மலை கூடவே வரும், இரண்டு பக்கமும் புளியமரம், பருத்திக் கமிஷன் கடைக்காரர்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வருகிறவர்கள், தெலுங்கிலும் தமிழிலும் கலந்து சண்டை போட்டுக்கொண்டு வரும் கூட்டம். அம்மா மட்டும் அதில் ஏற மாட்டாள். என்னை எடுத்துக்கொள்ள ஆண்டவர் வருவது அந்தச் சக்கரத்தின் வழியாகத்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். தினமும் கடைசி நடை திரும்பி வரும் வரைக்கும் எருமைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தெருவிலேயே நிற்பாள்.

யுத்தம் வந்தது, பெட்ரோல் போயிற்று. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டச் சொன்னார்கள். கரி பஸ் என்று பெயர். கிளீனர் கரியை ஊதும் விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கையொடிந்து போவான். சமதரையில் முனகிக்கொண்டு போகும். கொஞ்சம் ஏற்றம் வந்தால் நின்றுவிடும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டும் எடுத்து வண்டியும் தள்ளுகிறோமே என்று என்னை ஏசிக்கொண்டே தள்ளுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. என் மனைவிக்கு ராஜபாளையம். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவள். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் அங்கேயே இருந்தாள். ஒருநாள் மாலையில் ராஜபாளையத்திலிருந்து கடைசி நடையைக் கிளப்பப் போகும்போது மாமனார் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மாட்டேன் என்கிறது, டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலையில் பாலைக்கூட ஊற்றாமல், பஸ் கிளம்பும் இடத்துக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாள். முதன்முதலாக என் பஸ்ஸில் ஏறினாள்.

பாதி வழியில், ஓடைப் பாலம் தாண்டி ஏறுகிற மேட்டில் வண்டி நின்றுவிட்டது. கரி அணைந்து போயிருந்தது. இனி மறுபடி மூட்டி, புகை கூடி வர நேரமாகும். ஜனங்கள் இறங்கிப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அங்கே பிள்ளை எப்படி இருக்கிறதோ என்பதே நினைப்பு. முகமெல்லாம் கரியோடு உருளையைக் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத."

"கேளும்மா."

"இந்த வேலைய விட்டுட்டு ஐயரைப் போய்ப் பாரு. ஊழியத்துக்கு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. பிள்ளைக்குக் காச்சல் விட்டுரும்."

இத்தனை வருஷமாக அவள் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஆண்டவர் உனக்குப் பதிலாக உன் பிள்ளையை எடுக்க வந்திருக்கிறார் என்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எம்மா, அவரு என்ன ஜப்தி பண்ண வார அமீனாவா? பெரிய சாமான் கிடைக்கலன்னா சின்னதத் தூக்கிட்டுப் போறதுக்கு? வாக்குக் கொடுத்தது நீ. நான் அப்ப மடியில கிடந்தேன், எனக்கு என்ன தெரியும்? ஊழியத்துக்கு ஆள் கொடுக்கணும்னா நீ போயிருக்க வேண்டியதுதான?"

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா போய் மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வண்டி கிளம்புகிற வரைக்கும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தும் பேச்சுக் கொடுக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராஜபாளையம் போய்ச் சேர்ந்ததும், நடைக்குக் கூட்டம் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். என் மனைவி வாசலில் பிள்ளைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். "காச்சல் விட்டுருச்சு. பாலும் குடிச்சிட்டான்" என்றாள்.

"எப்பம்மா விட்டுச்சு?" என்றாள் அம்மா.

"விடியக்காலையிலேயே விட்டுருச்சு அத்தை."

அம்மா உள்ளே போய்ப் பேரனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நாம பஸ்ஸு ஏறுததுக்கு முன்னாலேயே விட்டுருக்கு" என்று தனக்குத்தானே சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "யாரும் ஒண்ணும் கொடுக்கலையே. சும்மாவே விட்டுட்டாரே" என்றாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள். நான் நடைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டேன்.

அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது, அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு ஐயரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவையும் மெதுவாகப் பேசவில்லை.

"ஐயா, இவனை விட்டுருங்க. இவன் பஸ்ஸு ஓட்டட்டும். ஊழியத்துக்கு நான் வாரேன்."

ஐயர் திகைத்துப்போனார். "பேரனுக்குத்தான் சுகமாயிருச்சேம்மா. இன்னும் என்ன பயம்?"

"பயம் போயிருச்சுய்யா. அதனாலதான் வாரேன். அன்னைக்குச் சொன்னது பயத்துல சொன்னது. இது நானாச் சொல்லுதேன்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது: பயமில்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு எழுத்துத் தெரியாதேம்மா" என்றார் ஐயர். "தெரிஞ்சுக்கிடுதேன்" என்றாள்.

பெண்களுக்கு வேதம் சொல்ல வீடு வீடாகப் போகும் உபதேசியம்மா ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். அவருக்கு முழங்கால் வலி, கூடப் போக ஒரு ஆள் தேவைப்பட்டது. சம்பளம் இல்லை. அம்மா பாலைக் கறந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். வாயே திறக்காத என் அப்பா, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கோர்ட்டில் கூப்பிடுவதுபோல் ஆள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுப் பால் ஊற்றினார். தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்திருந்த என் மனைவி, மத்தியானத்தில் அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே சத்தத்துக்கு இத்தனை எழுத்து எதற்கு என்று அம்மா தினமும் சண்டை போட்டாள். சண்டை போட்டபடியே படித்தும் விட்டாள்.

ஒருநாள் வழியில் ஒரு கிராமத்தில் பஸ் நின்றபோது, வேப்பமரத்தடியில் பெண்கள் கூடியிருந்த இடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தொலைந்த காசைத் தேடிய பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெளக்கப் பொருத்துதா. வாரியல எடுக்கா. மூலை முடுக்கெல்லாம் பெருக்குதா. அடுப்படியத் தள்ளிப் பாக்கா." வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி, "ஒத்தக் காசுக்கு எம்புட்டு எண்ணெய எரிச்சிருப்பா, கூறுகெட்டவ" என்றாள். அந்த இடத்தில் நானாயிருந்தால் ஆமென் போட்டிருப்பேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, நானும் அதத்தான் கேட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது, அந்தக் காசு நான்தான்னு" என்றாள். வெற்றிலைக்காரி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது எனக்கு விளங்கியது. ஆண்டவர் எங்கள் வீட்டில் ஒரு ஆளைக் கூப்பிட்டது உண்மைதான். இருபது வருஷத்துக்கு மேலாக அம்மாவும் நானும் சபையும் சேர்ந்து தப்பான ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் என்னைப் பற்றி அவர் சித்தம் என்ன? அம்மாவுக்கு வந்த அழைப்பிலிருந்து தப்பிப்பதிலேயே என் வாலிபம் போய்விட்டது, எனக்கென்று நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு கேட்டேன், தினமும், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ராஜபாளையத்தில் வண்டி நின்று, மூட்டையும் பிள்ளையுமாக ஜனங்கள் பத்திரமாக இறங்கிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைந்திருந்தது. இதைச் செய்யத்தான் வந்தாய் என்று அவர் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அவர் மறுக்கவில்லை.

யுத்தம் முடிகிற சமயம், ஒரு அடைமழைக் காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டாள். "நல்லாக் காயுது" என்றாள். என் மனைவியிடம் கஷாயத்துக்குப் பக்குவம் சொன்னாள். தலைமாட்டில் மண்டியிட்டு ஜெபம் பண்ணினாள், சுருக்கமாக. பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"கஞ்சி மூடி வச்சிருக்கேன், குடிச்சிரு. மலையடிவாரத்துப் பொம்பளைக காத்துக்கிட்டு இருப்பாக. போயிட்டு வாரேன்."

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் தலையைத் தூக்கி, அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை.