வெளியே தெரியாத தையல்

சிவசங்கரிக்கு மூன்றும் சுகப்பிரசவம். ஒவ்வொரு முறையும் குழந்தை பிறந்த மாதமே தறியில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. தறியின் மிதிக்கட்டையைக் காலால் அழுத்தும்போதெல்லாம் அடியில் பிதுங்கிக்கொண்டு வரும்; கையால் உள்ளே தள்ளிவிட்டு மேற்கொண்டு நெய்வாள். சிறுநீரும் தங்காமல் போனபிறகுதான் வேலூருக்குப் போனாள். டாக்டர் பானுப்ரியா வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்தார்.

அதுவே வினையாகிவிட்டது. ஆரணிக்குத் திரும்பிய அன்றே நாத்தனார் சுபலட்சுமி அவள் முந்தானையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்ல! இதுக்கா மூணு மாசம் ரெஸ்ட்டு? நல்லா நாடகம் ஆடிகினு கீறா."

கணவன் தனசேகரனுக்கு அது போதுமாக இருந்தது. கல்யாணப் புடவை ஒன்று பாதியில் நின்றிருந்தது.

"ஜல்தி தறியில ஏறு. பார்ட்டி போன் பண்ணிகினே கீறான்."

"மிதிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களேங்க."

"தையலு எங்க? காட்டு."

எதைக் காட்டுவாள்? அவள் தறியில் ஏறவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் தரவில்லை. தானே குடத்தைத் தூக்கினாள். வாசலைத் தாண்டுவதற்குள் ரத்தம் கால்வரை வழிந்தது.

வேலூருக்குத் தனசேகரனும் கூட வந்தான், பொய்யை உடைக்க. டாக்டர் பரிசோதித்துவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டார்.

"கர்ப்பப்பையைத் தாங்குற தசைநாரை வெட்டிக் கட்டி, கீழ்வழியோட மேல்முனையை அதுலயே தச்சி நிறுத்தியிருக்கேன். மூத்திரப்பையையும் மேல ஏத்தித் தச்சிருக்கேன். எல்லாத் தையலும் உள்ளதான். அதுல ஒண்ணு பிரிஞ்சிடுச்சி. குடம் தூக்கவிட்டது யாரு?"

"கண்ணுக்குத் தெரியாததுக்கு நீங்க இன்னா வேணா சொல்லுவீங்க."

"வெளிய போங்க" என்றார் டாக்டர்.

மறுபடி தைத்துச் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தனசேகரன் சொன்னான்: "வூட்டுக்குப் போனதும் தறியில உக்காரணும்."

"நீ உக்காரு."

இத்தனை வருஷத்தில் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"அடி. அந்தத் தையலாவது வெளிய தெரியட்டும்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கை இறங்கியது. அவள் தேசூர் பஸ்ஸில் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதமும் சுபலட்சுமி போனில் திட்டினாள். தனசேகரன் பேசவே இல்லை. உடம்பு தேறி ஆரணிக்கு வந்த சிவசங்கரி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த தெருவில் அறை எடுத்து, வேறொருவர் தறியில் கூலிக்கு நெய்கிறாள். இப்போது எதுவும் இறங்குவதில்லை.

தனசேகரன் அந்தப் பக்கம் போனால் அவள் வாசலில் காறித் துப்புவான். போன வாரம் அவள் ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே வந்து வழியை மறித்தாள்.

"கழுவிட்டுப் போ."