முன் இடது டயரில் ஒரு மஞ்சள் கோடு

ஐம்பத்தொரு வயதில் கார்ப் பந்தயத்துக்குப் போகிறேன் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. நான் போவது ஆட்டோகிராஸ். காலி மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார் அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும். கடிகாரம்தான் எதிராளி. வீட்டுக் காரே போதும். சிக்கல் அந்த 'வீட்டு' என்ற சொல்லில்தான். எங்கள் வீட்டுக் கார் என் மனைவி கோமதியின் கார். பாளையங்கோட்டையிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில் போய்த்தான் கணக்குப் பாடம் எடுக்கிறாள். சென்ற வருடம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு டயர்களின் ஓரத்தையும் அணில் கடித்த கொய்யாப்பழமாக்கிக் கொண்டுவந்தேன். அவள் மூன்று வாரம் பஸ்ஸில் போனாள்.

ஆகவே, போன பிப்ரவரியில் தூத்துக்குடியில் போட்டி என்றதும் நிபந்தனை வந்தது. "இந்த வாட்டியும் டயர உரிச்சீங்கன்னா, ஹெல்மெட்ட பழைய இரும்புக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிருவேன்." சொன்னதோடு நில்லாமல், மேற்பார்வைக்குக் கூடவே வந்தாள்.

சனிக்கிழமை காலை 7.40க்குக் கிளம்பி, 50 கிலோமீட்டர் ஓட்டி, 8.45க்குத் துறைமுகச் சாலையில் சேவியர் அண்ணாச்சியின் டயர் கடையில் நின்றோம். உப்பு லாரிகளும் கண்டெய்னர் வண்டிகளும்தான் அவருக்கு வாடிக்கை. எங்கள் பதினாலு இஞ்ச் சக்கரத்தை அவர் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. மூன்று டயர்களை உருட்டி வந்தார்.

"இது நாலாயிரத்து நூறு. அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். ஆனா வளைவுல சோப்புக்கட்டி. இது எட்டாயிரத்து எரநூறு. அட்ட மாதிரி ஒட்டும். ஆறு மாசத்துல மொட்ட."

"நடுவுல உள்ளது?"

"அதத்தான் நீங்க வாங்கப் போறிய."

டயரின் பக்கவாட்டில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும் (எல்லா டயரிலும் இருக்காது). எண் கூடினால் உழைக்கும், குறைந்தால் ஒட்டும். முதலாவதில் 500, இரண்டாவதில் 200, நடுவில் இருந்ததில் 340. ஒன்று ரூ. 4,950. அதில் நான்கை எடுத்து வைத்தார். நான் தலையாட்டுவதற்குள் கோமதி குனிந்து இன்னொரு எண்ணைப் படித்துக்கொண்டிருந்தாள். நான்கு இலக்கம்: முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம்.

"மூணு புதுசு. இது மட்டும் மூணு வருசப் பழசு."

சேவியர் அண்ணாச்சி சிரித்தார். "டீச்சரா?"

"கணக்கு டீச்சர்."

"தெரியுது," என்று அதை மாற்றிக் கொடுத்தார். மாட்டி, பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் பார்க்க ரூ. 1,350.

புது டயரின் மேல் வழுக்கலாக ஒரு படலம் இருக்குமாம். நூறு கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டிப் போக்கிவிட்டுத்தான் போட்டிக்குப் போக வேண்டும் என்றார். சரியென்று 11.15க்குத் திருச்செந்தூர் சாலையைப் பிடித்தோம். காயல்பட்டினத்துச் சந்தில் எதிரே வந்த ஸ்கூட்டர்களுக்கு வழிவிட்டே இருபது நிமிடம் போனது. உடன்குடிக்கு 12.45. ஒரு கிலோ கருப்பட்டி ரூ. 400. எதற்கு வந்தோம் என்று கேட்ட கடைக்காரரிடம், டயரைப் பழக்க வந்தோம் என்றேன்.

"மாட்டத்தான் பழக்குவாவ," என்றார் அவர், எடைபோட்டபடி.

போகவர 104 கிலோமீட்டர். ராத்தங்கல் விடுதியில், ரூ. 1,400.

ஞாயிறு காலை 7.30க்குத் துறைமுகத்துக்கு வெளியே, ஒரு தனியார் கிடங்கின் சிமெண்ட் முற்றம். நுழைவுக் கட்டணம் ரூ. 1,500, நான்கு ஓட்டம். வேடிக்கை பார்க்க சேவியர் அண்ணாச்சியும் வந்திருந்தார். டயரின் தோள்பட்டையில், அதாவது தரையில் படும் பகுதி பக்கவாட்டோடு சேரும் விளிம்பில், சின்ன முக்கோணக் குறி ஒன்று உண்டு. அதன் மேல் குறுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ஓட்ட வேண்டும். முக்கோணம் வரை கோடு அழிந்தால் சரி. அதையும் தாண்டி அழிந்தால், டயர் சரிந்து பக்கவாட்டில் தேய்கிறது என்று பொருள். அவர் சொல்லி முடிக்குமுன் கோமதியின் கைப்பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸ் வெளியே வந்தது.

மூன்றாவது ஓட்டம் 52.8 விநாடி. இறங்கிப் பார்த்தேன். முன் இடது டயரில் முக்கோணத்துக்குக் கீழே ஒரு விரற்கடை அழிந்திருந்தது. வாயில் பேரீச்சம்பழம் இனித்தது. கோமதி டீ வாங்கப் போயிருந்தாள். கைப்பை சீட்டில் இருந்தது. மீதி நடந்ததை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான்கு டயரிலும் கோடு போட்டேன், நேராக, அழகாக.

இரண்டு கையிலும் டீயோடு வந்தவள் ஒரு சுற்று சுற்றினாள்.

"ஏங்க, காரை ஓட்டுனீங்களா, தூக்கிட்டு நடந்தீங்களா?"

"ஏன்?"

"ஒரு இடத்துலகூட அழியலயே. காப்பியடிக்கிற பயலுவகூட நூத்துக்கு நூறு எடுக்க மாட்டானுவ. ரெண்டு தப்பு விட்டுத்தான் எழுதுவானுவ."

இருபத்திரண்டு வருடமாக ரேங்க் கார்டில் பிள்ளைகளே போட்ட அப்பா கையெழுத்தைக் கண்டுபிடிக்கிறவளிடம் நான் எம்மாத்திரம்? எது வரை அழிந்திருந்தது என்று விரலால் காட்டினேன். ஹெல்மெட்டைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

எட்டிப் பார்த்த சேவியர் அண்ணாச்சி, "காத்து கம்மி, அம்புட்டுத்தான். முன்னால ரெண்டுக்கும் நாலு பவுண்டு ஏத்துங்க. இத மறைச்சிட்டு இன்னொரு ஓட்டம் ஓடியிருந்தியன்னா, உள்ளபடியே உரிஞ்சிருக்கும்" என்றார்.

முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறு ஆக்கினோம். கோமதி புதிதாகக் கோடு போட்டு, ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். 50.9 விநாடி. கோடு முக்கோணத்தில் நின்றது. இருபத்து மூன்று பேரில் பதினேழாவது இடம். கேட்பவர்களிடம் முதல் இருபதுக்குள் என்று சொல்கிறேன்.

நீங்களும் போவதானால்: தினசரி ஓட்டும் காருக்கு 300க்கும் 400க்கும் இடைப்பட்ட எண்ணுள்ள டயர் போதும். தயாரான வாரத்தைக் கடையிலேயே பாருங்கள். காற்றளவு பார்க்கும் கருவி சொந்தமாக இருக்கட்டும். போட்டி முடிந்ததும் ஏற்றிய காற்றை இறக்க மறக்காதீர்கள். கையில் சாக்பீஸ் இருக்கட்டும். அதை வேறு யாராவது பிடித்திருந்தால் இன்னும் நல்லது.

திங்கட்கிழமை காலை 8.10. கோமதி பள்ளிக்கூடத்துக்குக் காரை எடுக்க, கேட்டைத் திறந்துவிட்டேன். முன் இடது டயரில் மஞ்சளாக ஒரு டிக் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தாள். கீழே பொடி எழுத்தில் 'சொந்த முயற்சியா?' என்றும் இருந்தது. வண்டி நகர, அது உருண்டு தலைகீழாகி, மறுபடி நிமிர்ந்து, தெருமுனை வரை என்னைக் கேட்டுக்கொண்டே போனது.