சாவிக்குப் போகும் கை

சோலைமலை மாமா ஜீப்பை விற்றுவிட்டுக் கார் வாங்கப்போகிறார் என்ற செய்தி போடி ஜீப் ஸ்டாண்டில் முதலில் சிரிப்பாகத்தான் கிளம்பியது. மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு உச்சியைத் தாண்டி எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கியே தலை நரைத்த மனுஷன். ஜீப்பை விட்டு இறங்கினால் அவருக்கு நடக்கவே தெரியாது என்று கேலி பேசுவார்கள். நான் கடைவீதியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன், பெயர் சர்ஃபராஸ். என் அத்தா நூர் முகம்மது காலத்திலிருந்தே அவர் எங்கள் வாடிக்கை. அத்தாவை மச்சான் என்பார், என்னை மாப்ளே என்பார். அந்த உரிமையில் பாதிச் சாமானைக் கடனுக்கு வாங்கிப் போய்விடுவார் என்பது வேறு கதை.

வாரத்துக்கு ஒருமுறை பூப்பாறைப் பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் ஆர்டர் எடுக்க அவர் ஜீப்பில்தான் போய்வருவேன். பவர் பிரேக், பவர் ஸ்டியரிங் எதுவும் இல்லாத பழைய உருப்படி அது. எஞ்சினை அணைக்கும் கம்பி என்றைக்கோ அறுந்துபோனதால், ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் சாவியைத் திருப்பினால் அணைகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார். சாயங்காலம் திரும்பும்போது போடிமெட்டில் ஒரு டீ. பிறகு முதல் வளைவு தாண்டியதும் நியூட்ரலுக்குத் தள்ளுவார், வலது கை சாவிக்குப் போகும், எஞ்சின் அணைந்துவிடும். அதன்பிறகு கீழே வரும்வரை இறக்கமே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். டீசல் மிச்சம். பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பார், அது சூடாகாமல் இருக்க.

முதல்முறை அந்த நிசப்தத்தில் நான் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். காற்றும் டயரும் மட்டும் சத்தம் போடும். ஆனால் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எஞ்சின் அணைந்த மறுநிமிஷம் தூங்கிவிடுவார்கள். நாளெல்லாம் ஏலக்காய்ச் செடிக்குள் குனிந்து கிடந்த உடம்பு; அந்த அமைதிக்காகவே காத்திருக்கும். மாமாவின் ஒரே மகள் சுகன்யாவும் பள்ளிக்கூட லீவுக்கு மலைக்குப் போய்த் திரும்பும்போது அப்படித்தான் தூங்குவாள். "எம்மகளுக்குத் தாலாட்டு வேணாம் மாப்ளே, எஞ்சின அணைச்சாப் போதும்" என்பார்.

அந்த சுகன்யாவுக்காகத்தான் கார். அவளைப் பூப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பாண்டியராஜுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் அவள் அப்பாவின் ஜீப்பில் கீழே வந்திருந்தாள். ஜீப்பினால் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார், மாமாவின் மனைவி முத்துப்பேச்சி அத்தை சொன்னார், சுகன்யாவே சொன்னாள். மாமா காதில் ஒன்றும் ஏறவில்லை. "என் ஜீப்பு தூக்கிப் போட்டுத்தான் அந்தப் பிள்ள போச்சு" என்று என் கடை வாசலில் நின்று அழுதார். அத்தனை பெரிய ஆள் அழுததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டாவது முறை அவள் உண்டானதும், இந்தப் பிள்ளை ஜீப்பில் ஏறாது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஜீப்பை அமாவாசை வாங்கிக்கொண்டான். அவனும் அதே ரோட்டில் ஓட்டுகிறவன்தான். அந்தப் பணத்தோடு அத்தையின் தோடும் சேர்ந்தது. அதற்குப் புதிதாகச் சின்னக் கார்கூட வராது; பழையது வாங்கினால் டிக்கி வைத்த நடுத்தரமான கார் ஒன்று வரும். மாமா அதில்தான் பிடிவாதமாக இருந்தார். சின்னக் காரில் பின்சீட்டுக்காரர்களைத் தூக்கித் தூக்கிப் போடுமாம். நீளமான வண்டியில் பிள்ளைத்தாய்ச்சி காலை நீட்டிப் படுத்தே வரலாமாம்.

தேனியில் ராஜாராம் என்பவரின் பழைய கார் விற்கிற இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவர் கார் பார்த்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பானட்டைத் திறக்கவில்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு காரின் பின்சீட்டிலும் ஏறிப் படுத்தார். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கண்ணை மூடிப் பார்த்தார். ராஜாராம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெள்ளைக் கார் ஒன்று பளபளவென்று இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் அடித்தகடு முழுக்கத் துரு. அதை நான் வேண்டாம் என்றேன். அடுத்தது வெள்ளி நிறம், பெட்ரோல், நல்ல வண்டி. சாவி போட்டுத் திருப்புகிற வேலை இல்லை. பட்டனை அமுக்கினால் கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பட்டனைத் தொட்டாலும் உடனே அணையாது, அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அதில்தான் கண். விலை கொஞ்சம் கூட. மூன்றாவது கருநீலம், டீசல், சாவி வைத்தது. கையிலிருந்த பணத்துக்குச் சரியாக வந்தது.

"பட்டன் வண்டியவே எடுங்க மாமா. மிச்சத்த மெதுவா கட்டிக்கலாம், நான் பேசுறேன்" என்றேன்.

"அதுல காலு இடிக்குது மாப்ளே. நீலத்துல படுத்துப் பாரு, கட்டில் கணக்கா இருக்கு. அதுபோக, சாவி இல்லாம வண்டி எப்பிடி நம்ம சொல்லக் கேக்கும்?"

அவரைத் தனியாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "மாமா, இந்த மாதிரி கார்ல எஞ்சின் ஓடுனாத்தான் பிரேக்குக்குப் பலம். அணைச்சுட்டா ரெண்டு மூணு மிதிக்குத் தாங்கும், அதுக்கு மேல கல்லாயிரும். ஸ்டியரிங்கும் இறுகிப்போகும். மலையில ஜீப்ப அணைக்கிற மாதிரி இத அணைச்சீங்க, அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பிள்ளையப் பின்னால வச்சுக்கிட்டு அப்பிடிச் செய்வனா?" என்றார். மனசறிந்துதான் சொன்னார், எனக்கும் நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கை போடிக்கு வருவதற்குள் ஆட்டம் கண்டது. வழியில் ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கினோம். இறக்கம் தொடங்கியதும் அவர் வலது கை ஸ்டியரிங்கை விட்டு நழுவிச் சாவியைத் தொட்டது. பேச்சு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கை தனியாகப் போனது. அடுத்த நொடியே சுட்டுக்கொண்ட மாதிரி இழுத்துக்கொண்டார்.

"ஈ உக்காந்துச்சு" என்றார்.

காருக்குள் ஈ இல்லை. அன்றைக்கே முத்துப்பேச்சி அத்தையிடம் சொல்லிவிட்டேன். எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கிப் பூஜை போட்ட கையோடு, அத்தை ஒரு மஞ்சள் துணியைச் சாவியின் மேல் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். கை போனால் துணி தட்டுப்படும், நினைப்பு வந்துவிடும் என்று கணக்கு. பார்த்தவர்கள் சாமிக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாமா உண்மையாகவே பாடுபட்டார். காலை நேரத்தில் தனியாக மெட்டுக்கு ஏறுவார், இறங்குவார். இரண்டாம் கியரில், எஞ்சின் உறும, பிள்ளை நடை பழகுகிற மாதிரி. மேலேறும் ஜீப்காரர்கள் "என்ன மாமா, டீசல் ஓசியா?" என்று கத்துவார்கள். ரோஷக்காரர்தான், ஆனாலும் பொறுத்துக்கொண்டார். "கை இப்ப துணியத் தொட்டதும் திரும்பிருது மாப்ளே" என்று என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்படியென்றால் கை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எட்டாம் மாசம் சுகன்யாவைச் சிலமலையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிவரப் போனார்கள். நான் அன்றைக்கு ஆர்டர் எடுக்க மேலே போகிற வழியில் போடிமெட்டு டீக்கடையில் நின்றிருந்தேன். நீலக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் அத்தை, பின்சீட்டில் சுகன்யா, முதுகுக்கு இரண்டு தலையணை. முகம் வெளிறியிருந்தது.

"தூங்கிட்டே வரலாமேம்மா" என்றேன்.

"எங்க பாயண்ணே, தூக்கம் புடிக்குதா? இந்த எஞ்சின் சத்தம் மண்டைக்குள்ள இடிக்குது" என்றாள்.

மாமா கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா, வெரசாக் கீழ போயிரலாம்த்தா" என்றார். நான் குனிந்து சாவியைப் பார்த்தேன். மஞ்சள் துணி வெளுத்து, அழுக்கேறி, முடிச்சு தளர்ந்து கிடந்தது. கட்டிய நாளில் அது கண்ணை உறுத்தியது. இப்போது அதுவும் வண்டியோடு சேர்ந்துவிட்டது.

"மாமா, துணி தளந்துருக்கு."

"பாத்துக்கிறேன் மாப்ளே."

கார் கிளம்பியது. பனிமூட்டம் இறங்கியிருந்ததால் பத்தடியில் மறைந்துவிட்டது. ஆனால் டீக்கடைக்கு நேர் கீழேதான் வளைவுகள். சத்தம் மேலே வரும். முதல் வளைவில் ஹாரன் கேட்டது. டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது. இரண்டாவது வளைவில் ஹாரன். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம் நின்றது.

டீக்கடைக்காரர் சிரித்தார். "அணைச்சுட்டாரு பாருங்க. எந்த வண்டி வாங்கினா என்ன, சோலைமலை சோலைமலைதான்."

இரண்டு மூன்று மிதி என்று நான்தானே சொன்னேன்? விட்டு விட்டு மிதிக்கிற பழக்கக்காரர் அதை ஒரே வளைவுக்குள் தீர்த்துவிடுவார். யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டு ரோட்டில் ஓடினேன். ஓடும்போதே கீழேயிருந்து ஹாரன் கேட்டது. இந்த முறை அது விடாமல் அடித்தது. பிறகு தகரம் பாறையில் உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அமாவாசை பின்னாலிருந்து ஜீப்பில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். கார் மூன்றாவது வளைவுக்கு முன்னால், பள்ளத்துப் பக்கம் போகாமல், மலைப்பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டே போய் ரோட்டோர ஓடையில் மூக்கைக் குத்தி நின்றிருந்தது. இறுகிப்போன ஸ்டியரிங்கை எப்படி அந்தப் பக்கம் ஒடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தையின் நெற்றியில் ரத்தம். சுகன்யா இரண்டு சீட்டுக்கும் நடுவே விழுந்து வயிற்றைக் கட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காலும் பிரேக்கின் மேல் இருந்தன.

"மாப்ளே, நின்னுருச்சா?"

"நின்னுருச்சு மாமா."

"கால எடுக்கலாமா?"

அவரால் எடுக்க முடியவில்லை. நானும் அமாவாசையும் சேர்ந்து தூக்கித்தான் காலைப் பிரித்தோம்.

அந்த மூட்டத்தில் வேறு வண்டி கிடைக்கவில்லை. எந்த ஜீப்பில் அவள் ஏறக்கூடாது என்று தோட்டை விற்றுக் கார் வாங்கினாரோ, அதே ஜீப்பில்தான் சுகன்யாவைக் கீழே கொண்டுபோனோம். தேனியில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். குறைமாசம் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைக்குமா என்று டாக்டர்கள் வாயைத் திறக்காத நாட்களில் மாமா ஆஸ்பத்திரி மாடிப்படியில் வலது கையைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொடுத்தால் இடது கையை நீட்டினார். அதைப் பார்த்து அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

நடந்ததைப் பிற்பாடு சுகன்யாதான் சொன்னாள். "அப்பா கண்ணாடில என்னயப் பாத்தாரு பாயண்ணே. நான் கண்ண மூடிருந்தேன். தூங்கட்டும்னு நெனச்சிருப்பாரு. திடீர்னு சத்தம் நின்னுச்சு. சின்னப்பிள்ளையில மாதிரி ஒரு நிமிசம் எனக்குச் சொகமாத்தான் இருந்துச்சு." அவளுக்கு அப்பா மேல் கோபமே இல்லை. அதுதான் மாமாவை அதிகமாகக் கொன்றது.

பிள்ளை பிழைத்துவிட்டது. நசுங்கிய காரை ராஜாராமே எடைக்கு எடுத்துக்கொண்டார். மாமா அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஏலக்காய்க் கடை ஒன்றில் மூட்டை தைக்கிற சோலிக்குப் போகிறார்.

தைப்பொங்கலுக்குப் பேத்தியைச் சிலமலைக்குக் கூட்டிவந்தபோது அமாவாசையின் ஜீப்பில் நானும் இருந்தேன். முன்னால் மாமா, அவர் பக்கத்தில் நான். பின்னால் எஸ்டேட் பெண்களுக்கு நடுவே சுகன்யா, மடியில் பிள்ளை. பூப்பாறையிலிருந்து பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே வந்தது. யார் வாங்கியும் அடங்கவில்லை.

போடிமெட்டில் டீ குடித்துவிட்டு இறங்கினோம். முதல் வளைவு தாண்டியதும் அமாவாசை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி, எஞ்சினை அணைத்தான். அந்த ஜீப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மாமாவைவிட அதை அறிந்தவர் யார்? ஆனாலும் அவர் முகம் செத்துவிட்டது. "எஞ்சினப் போடு" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது பிள்ளையின் அழுகை நின்றது. மாமா திரும்பிப் பார்த்தார். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். சுகன்யா தூங்கிவிட்டாள். பேத்தியும் தூங்கிவிட்டாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். சத்தம் போட்டால் பிள்ளை எழுந்துவிடும். வளைவு வளைவாகக் காற்றும் டயரும் மட்டும் கேட்க ஜீப் இறங்கியது. பிரேக் எதுவுமே இல்லாத தரைத்தகட்டை அவர் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே வந்தார். முந்தல் செக்போஸ்ட்டில் ஜீப் நின்று, ஆட்கள் இறங்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கால்கள் எழும்பவில்லை. நான் அவர் தொடையைத் தட்டினேன்.

"நின்னுருச்சு மாமா" என்றேன்.