தாளிப்பு இல்லாத சித்திரை

எங்கள் வீட்டுக்கும் மதினி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அப்பா கட்டிய வீட்டை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டபோது அவசரத்தில் எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கடுகு பொரிந்தால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். அண்ணன் இறந்து மூன்றாவது வருஷம், சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், கோவில்பட்டி உரக்கடைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தச் சத்தம் இல்லை என்பது எனக்குப் பட்டது. சோறு வெந்த வாடை வந்தது, அடுப்பில் காய்ந்த பருத்திமார் எரியும் புகை வந்தது, தாளிப்பு மட்டும் வரவில்லை. மதினிக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "அவிய நல்லாத்தான் இருக்காவ. உங்க ஊருக்கு வரி கட்டணும்லா, அதான் எண்ணெயை நிறுத்திட்டாவ" என்றாள். உங்க ஊர் என்று அவள் சொன்னால் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கரிசல்காட்டு ஊரில் வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா, கொடை என்போம். கொடைச் செலவுக்குத் தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி போடுவோம். கல்யாணமான ஆண் ஒருவன் என்றால் ஒரு தலைக்கட்டு. அவன் செத்துப்போனால் அந்தத் தலைக்கட்டு பட்டியலிலிருந்து போய்விடும். ஆண் இல்லாத வீட்டில் வரி வாங்குவதில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வருஷா வருஷம் வரி எழுதுகிறவன் நான்தான். இதை எங்கள் ஊரின் பெருந்தன்மை என்று வெளியூர்க்காரர்களிடம் நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன். வரி இல்லையென்றால் அம்மனைத் தூக்கிவருகிற சப்பரம் அந்த வீட்டு வாசலில் நிற்காது, கொடை முடிந்ததும் வெட்டிப் பங்கிடுகிற கறியில் கூறு கிடையாது, மைக்கில் பெயர் கிடையாது, ஊர்க் கூட்டத்தில் பேச்சு கிடையாது. இந்தப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே அது தோன்றியதும் இல்லை.

தோன்ற வைத்தது மதினி எண்ணெயை நிறுத்தியதற்கு முந்தின வருஷத்துக் கொடை. அண்ணனின் துக்கம் கழிந்து வந்த முதல் கொடை அது. மதினி தேங்காய்த் தட்டும் சூடமுமாக வாசலில் நின்றாள். பக்கத்தில் ஒன்பதாவது படிக்கிற மகள், இடுப்பில் கடைக்குட்டிப் பயல். சப்பரத்தின் வலது கம்பில் என் தோள் இருந்தது. மேளக்காரர்கள் அந்த வாசலைத் தாண்டினார்கள், முன்னால் போனவர்கள் தாண்டினார்கள், நானும் தாண்டினேன். அடுத்தது என் வீடு. அங்கே சாமி நின்றது. என் மனைவி தேங்காய் உடைக்கக் கொடுத்துக் கும்பிட்டாள். நாலடி தள்ளி மதினி எரிகிற சூடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் சாமியைத் தோளில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சூடம் அணைகிற வரைக்கும் அவள் உள்ளே போகவில்லை.

மறுவருஷம் பங்குனிக் கடைசியில் ஊர் கூடி வரி போட்டோம். கோயில் முன்மண்டபத்துக்குக் கூரை போட வேண்டியிருந்ததால் தலைக்கட்டுக்கு மூவாயிரம் என்று முடிவானது. அன்று சாயங்காலமே மதினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "கொழுந்தனாரே, வரி எழுதையில எங்க வீட்டையும் சேத்து எழுதுங்க" என்றாள். உங்களுக்கு எதற்கு மதினி, ஊரே பாவம் என்று விட்டுவைத்திருக்கிறதே என்றேன். "பாவம் பாக்கச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள். அப்படியென்றால் நான் கட்டிவிடுகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கட்டுனா அது உங்க வரி. நான் கேக்கது என் வரி" என்று சொல்லிவிட்டு என் மனைவி நீட்டிய காப்பியைக் குடிக்காமல் போனாள்.

அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. காலையில் ஆபீஸ் வேன் ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டுகிறதுக்கு முன்னால் கொண்டுவந்து இறக்கும். சனிக்கிழமை வாங்குகிற சம்பளம் அடுத்த சனிக்கிழமையைத் தொடுவதே பெரிய பாடு. அந்த வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இருந்தது, அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய் முதலில் போனது. கேஸ் சிலிண்டரை மூடி ஓரமாக வைத்துவிட்டு, காட்டில் பிடுங்கிப் போட்டிருந்த பருத்திமாரைச் சுமந்துவந்து அடுப்பெரித்தாள். பால் சின்னவனுக்கு மட்டும். தனக்கும் மகளுக்கும் கடுங்காப்பி. இரண்டாவது வாரத்தில் அதிலும் கருப்பட்டி குறைந்தது. குளிக்கிற சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்து வைத்தாள். டிவிக்குப் பணம் கட்டவில்லை. போனுக்கும் கட்டவில்லை. ஏதாவது அவசரம் என்றால் எப்படி மதினி என்று கேட்டதற்கு, "செவரு இருக்குல்லா, தட்டுங்க" என்றாள். மகள் எங்கள் வீட்டில் நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, எந்திச்சு வா. நம்ம வீட்டுல இல்லாதது அடுத்த வீட்டுலயும் இல்லை." பிள்ளை முனகிக்கொண்டே போனாள். தாய்மேல் கோபம் இருந்திருக்கும், ஆனால் அந்த மாதம் முழுக்க மறுபடி வந்து அவள் டிவி முன்னால் உட்காரவில்லை.

ஒன்றை மட்டும் மதினி குறைக்கவில்லை. வெற்றிலை. தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளைக்குத் தாளித்துப் போட எண்ணெய் இல்லை, இவளுக்கு வாய் சிவக்க வெற்றிலை கேட்கிறதாக்கும் என்று ஒருத்தி குழாயடியில் நேராகவே கேட்டுவிட்டாள். மதினி சாவகாசமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "நாலு ஆம்பளைககூடச் சண்டைக்குப் போகணும்லா. வெறும் வாயோட எப்படிப் போக?" என்றாளாம். என் மனைவி இதை வந்து சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு ஆம்பளைகளில் ஒருத்தன் நான்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வேம்பார் மீன் குழம்பு. மனைவி ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதினி அதைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தை வெறுமனே தராமல் முருங்கைக்கீரை உருவிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மதினி அதைத் தொடவேயில்லை என்று மகள் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டிலும் தாளிப்பு நின்றுபோனது. ரசம் என்று ஒன்று வந்தது, வெந்நீரில் புளி கரைத்த மாதிரி இருந்தது. என்ன இது என்றேன். "அக்கா வெறும் குழம்பைத் திங்கையில நமக்கு மட்டும் மணக்கணுமாக்கும்? பேனா உங்க கையிலதான இருக்கு. எழுதுங்க, தாளிக்கேன்" என்றாள். பத்து நாள் அந்த ரசத்தைக் குடித்தேன். உரக்கடை முதலாளி, என்ன அண்ணாச்சி வாடிட்டிய என்று கேட்டார். வீட்டில் கொடைக்கு விரதம் என்று சொல்லிவைத்தேன்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எதற்காக என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரு பதில் இருக்கும்: பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், ஆஸ்பத்திரி. கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். மதினியின் பதிலுக்கு ஒருவரும் தலையாட்டவில்லை. வேண்டாம் என்று விட்ட வரியைக் கட்டுவதற்குப் பிள்ளைகளின் தட்டில் கை வைப்பாளா ஒருத்தி என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சோறு, துணி, மருந்து இவைதான் அத்தியாவசியம், மற்றதெல்லாம் பிறகு என்று நினைத்தேன். அது எல்லாம் கிடைத்தவன் போட்ட பட்டியல் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. என் வாசலில் சாமி தானாக வந்து நிற்கிறது, அதனால் அது இல்லாமல் ஒரு வீடு இருந்துவிடலாம் என்று எனக்குப் படுகிறது. அவளுக்கு அது எண்ணெய்க்கு முன்னால் இருந்தது, வெற்றிலையோடு சமமாக இருந்தது. யாருக்கு எது இல்லாமல் முடியாது என்பதை அடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தன் சொல்லக் கூடாது. இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

வரி வாங்குகிற நாள் வந்தது. கோயில் முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் கிளம்பும்போதே மனைவி, "எழுதாம வீட்டுக்கு வந்துராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பத்து மணி வாக்கில் மதினி வந்தாள். வேலைக்குப் போகாமல் நல்ல சேலை கட்டி, வாய் நிறைய வெற்றிலையோடு வந்தாள். பணத்தைப் பெஞ்சில் வைத்தாள். கமிட்டித் தலைவர் நல்ல மனிதர்தான், எங்களுக்குப் பெரியப்பா முறை. "உன்கிட்ட யாரும்மா கேட்டா? கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் குடு" என்றார். அவள் அசையவில்லை. தலைவரே இறங்கிவந்து, "சரி, ஆசைப்படுதே. மகன் பேருல எழுதிருவோம். அவனும் ஆம்பளைதான" என்றார்.

மதினி ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "மாமா, அவனுக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது. டவுசரைத் திருப்பிப் போட்டுட்டுத் திரியுதான். அவன் தலைக்கட்டுன்னா அவனுக்குக் குண்டி கழுவிவிடுத நான் யாரு?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லாம்மா" என்றார். "இருக்கட்டும். அந்த வழக்கத்தை நோட்டுல எழுதுதது என் கொழுந்தனார்தான். அவியளையே கேப்போம்" என்று என் பக்கம் திரும்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் தோளைத்தான் நினைத்தேன். போன வருஷம் அது அவள் வாசலைச் சும்மா தாண்டி வந்தது. எழுதினேன். ஊரே மெச்சிய கையெழுத்து அன்றைக்குக் கோழி கிளறிய மாதிரி இருந்தது. தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதுனது எழுதிட்டே. கடைசியில இருக்கட்டும்" என்றார்.

கொடையன்று சப்பரம் மதினி வாசலில் நின்றது. அவள் உடனே வெளியே வரவில்லை. கம்பு எங்கள் தோளை அறுத்தது. மேளக்காரர்கள் அடித்து முடித்து மறுபடி ஆரம்பித்தார்கள். பிறகுதான் தட்டோடு வந்தாள். சூடத்தை ஏற்றி, முழுசாக எரிகிற வரைக்கும் அம்மனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் ஊரில் வரி கட்டுகிற வீடுகளில் ஒன்பது வீட்டுக்குத் தலை பெண்தான். கமிட்டியில் எல்லாம் இளவட்டங்கள். போன கொடையில் அவர்களில் ஒருவனிடம் மதினி கதையை எடுத்தேன். "அது எப்பவும் அப்படித்தான அண்ணாச்சி, பொம்பளையளும் கட்டுவாவல்லா" என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. எப்பவும் அப்படி இல்லை தம்பி. ஒரு மாதம் எண்ணெய் இல்லாமல், பால் இல்லாமல், நாலு பேர் சிரித்ததைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி வாங்கியது அது. நாங்களாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கொடைக்கு மறுநாள் நடந்ததையும் சேர்த்து.

அன்று மத்தியானம் கறியைக் கூறு போட்டு ஓலைப்பாயில் வரிசையாக வைத்திருந்தோம். மைக் என் கையில். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக வந்து கூறை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசிப் பெயர் வந்தது. அண்ணன் கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. மதினி என்பேன். ஊரில் எல்லோரும் இன்னார் பெண்டாட்டி என்றார்கள், பிறகு இன்னார் அம்மா என்றார்கள். என்னவோ கூச்சமாக வந்தது. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எனக்கே கேட்காத மாதிரி வாசித்தேன். கலைந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. மதினி மட்டும் வேப்பமரத்தடியிலிருந்து நடந்துவந்தாள். கூறைக் குனிந்து எடுக்கவில்லை. எனக்கு நேராக வந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, மைக் செட்டுக்கு நானும்தான் துட்டு குடுத்திருக்கேன். சத்தமா வாசிங்க."

மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தேன். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அலறியது. புதூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"குருவம்மாள்."